இஞ்சின் கூடத்துக் கதவு

பிற்பகல் மூன்றே காலுக்கு நெட்டையனை இஞ்சின் கூடத்திலிருந்து தூக்கி வந்தார்கள். மூன்றரைக்கு டாக்டர் கையை விரித்தார். நாலு மணிக்குள் கொலைகாரன் யார் என்று மருத்துவமனை முழுக்கத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. வாயிருக்கிறவர் எல்லாம் நீதிபதி. போலீஸுக்கு மிச்சம் வைத்தது விலங்கை மாட்டும் வேலை ஒன்றைத்தான்.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம்," என்றார் ஏட்டு. அவர் கொஞ்சம் முன்னதாகவே வந்து ஒரு சுற்று விசாரித்திருந்தார். "செத்தவன் இங்க இஞ்சின் ஆபரேட்டர். ஆள் நல்ல உயரம், அதனால நெட்டைன்னு பேரு. பாய்லர் பாக்கறவர் அவனுக்கு மச்சான், பொண்டாட்டியோட அண்ணன். நேத்து கேன்டீன்ல ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. இவன் வேற ஊர்ல வேலை தேடிக்கிட்டு இருந்திருக்கான். 'என் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவியா? போய்ப் பாரு, உயிரோட இருக்க மாட்டே'ன்னு மச்சான் கத்தியிருக்கார். இன்னிக்கு ஆள் காலி."

"கத்தினவங்க எல்லாம் கொல்றதா இருந்தா, உங்க வீட்ல உங்களை எத்தனை தடவை புதைச்சிருக்கணும்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

ஸ்டேஷனில் அவளுக்கு 'உடும்பு' என்று பெயர். பிடித்தால் விடமாட்டாள். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும், அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

மருத்துவமனையின் பின்பக்கத்து முற்றத்தில் தனியாக நின்றது இஞ்சின் கூடம். உள்ளே லாரி அளவுக்கு ஒரு எரிவாயு இஞ்சின். வார்டுகளுக்கு மின்சாரம் அதிலிருந்துதான். ஓடும்போது அது கக்கும் சூட்டையும் வீணாக்காமல் பிடித்து, சலவைக்கும் குளியலுக்கும் வெந்நீர் ஆக்குகிறார்கள். வெந்நீர் போதாத நேரத்தில் கைகொடுக்க, அதே கூடத்தின் மூலையில் ஒரு பழைய பாய்லர்.

முற்றம் முழுவதும் புழுதி. பக்கத்து மனையில் மதியம் முதல் மூன்று மணி வரை ஒரு பழைய கட்டடத்தை இடித்திருந்தார்கள். கார்களின் மேல், செடிகளின் மேல், ஜன்னல் விளிம்புகளில் எல்லாம் வெள்ளையாகப் படிந்து கிடந்தது.

இன்ஸ்பெக்டர் இரும்புக் கதவின் கைப்பிடியைத் திருப்பினாள். அடுத்த நொடி கதவு தானாக வெளியே எகிறி அவள் முழங்காலில் மோதியது. "அடச்சீ!" என்று கத்தியேவிட்டாள்.

"சொல்ல மறந்துட்டேன் மேடம், மன்னிச்சுக்குங்க." ஓடி வந்தவர் கூடத்தின் சூப்பர்வைசர். மடிப்புக் கலையாத சட்டை, அதிராத குரல். "இந்தக் கதவு அப்படித்தான். நாங்க எல்லாரும் காலை முன்னாடி வெச்சுத் தடுத்துக்கிட்டுத்தான் திறப்போம்."

"ஏன் எகிறுது? பேய் கீய் பிடிச்சிருக்கா?"

சூப்பர்வைசர் சிரித்தார். "இஞ்சினுக்குச் சோறு பாதி, காத்து பாதி மேடம். எரியறதுக்கும் காத்து வேணும், கூடம் புழுங்காம இருக்கவும் காத்து வேணும். அந்தச் சுவர்ல சட்டம் சட்டமா இருக்கற ஜன்னல் வழியா பெரிய ஃபேன் காத்தை உள்ள தள்ளும். நடுவுல தூசி வடிகட்டற ஃபில்டர். உள்ள எப்பவும் வெளியைவிடக் காத்து ஒரு பிடி அதிகம். கதவைத் திறந்தா அது முட்டிக்கிட்டு வெளிய வரும்."

"அந்தப் பக்கம்?" எதிர்ச்சுவரில் இன்னொரு ஜன்னலைக் காட்டினாள். அதன் தகடுகள் காற்றில் மெல்லத் தூக்கிக்கொண்டு நின்றன.

"சூட்டுக் காத்து வெளிய போற வழி. தகடு வெளிப்பக்கம் மட்டும்தான் திறக்கும். அது வழியா எதுவும் உள்ள வராது."

இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நோயாளிகள் இருக்கும் இடம், நிறுத்த முடியாது என்றார்கள். பாய்லரை மட்டும் அணைத்திருந்தார்கள். பேசுவதைக் கேட்கவே காதருகில் வர வேண்டியிருந்தது.

"உடலைப் பாத்தது நீங்கதானே? எப்படின்னு சொல்லுங்க."

"மூணே கால் இருக்கும் மேடம். சாப்பாடு, மீட்டிங் எல்லாம் முடிச்சுட்டு வந்தேன். கைப்பிடியைத் திருப்பினேன். வழக்கம்போலக் கதவு எகிறுச்சு, காலை வெச்சுத் தடுத்தேன். பாத்தா வாசல்லயே குப்புறக் கிடக்கறான். கத்திக் கூட்டத்தைக் கூட்டினேன். ரெண்டு நர்ஸுங்க ஓடி வந்தாங்க."

"கதவு பூட்டியிருந்துச்சா?"

"அப்போ இல்ல."

அந்த 'அப்போ' என்ற சொல்லை அவர் லேசாக அழுத்திச் சொன்னார். ஏட்டு உடனே பிடித்துக்கொண்டார்.

"இங்க பாருங்க மேடம்." கதவின் உட்புறத்தில், கீழ்ப்பாதியில், செருப்பு ரப்பர் தேய்ந்த கறுப்புத் தடங்கள் ஏழெட்டு இருந்தன. "உள்ள இருந்து உதைச்சிருக்கான். வெளிய பூட்டியிருந்தாத்தானே உதைப்பான்? சாவி போடற ஓட்டை வெளிப்பக்கம் மட்டும்தான். இருக்கறது ரெண்டே சாவி. ஒண்ணு செத்தவன் பாக்கெட்ல இருந்துச்சு. இன்னொண்ணு மச்சான் கிட்ட. அதோட, முந்தாநாள் பாய்லர் புகைக்குழாயைக் கழட்டிச் சுத்தம் பண்ணது யாரு? அதே மச்சான். புகை உள்ளேயே வர்ற மாதிரி ஏதோ பண்ணிட்டு, கதவைப் பூட்டிட்டு, ஆள் போனதும் மறுபடி வந்து திறந்து வெச்சிருக்கார்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் இன்ஸ்பெக்டருக்கு உறுத்தியது.

பிணவறை வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். "பாய்லர் புகைதான். வாசனையே தெரியாது. தலை வலிக்கும், கால் துவளும், புத்தி மந்தமாகும். எதை நிறுத்தணும், எங்க போகணும்னு யோசிக்கவே முடியாது. கேஸ் கசிஞ்சா கத்தற அலாரம் அங்க இருக்கு. இந்தப் புகைக்கு இல்ல."

"எப்போ உயிர் போயிருக்கும்?"

"கொண்டு வரும்போது உடம்பு சூடாவே இருந்துச்சு. அப்பத்தான் போயிருக்கு." டாக்டருக்குக் கோபம் வந்தது. "ஆஸ்பத்திரி வாசல்ல செத்திருக்கான் மேடம். ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தாக்கூட ஆக்சிஜன் குடுத்துப் பொழைக்க வெச்சிருப்போம்."

பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சலவைப் பிரிவின் நீலச் சீருடை, ஈரம் காயாத கைகள். நெட்டையனின் மனைவி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்ததும் திரும்பினாள்.

"எங்க அண்ணன்தானாம்மா?"

"இன்னும் தெரியல."

"தெரிஞ்சதும் என்கிட்ட முதல்ல சொல்லிடுங்க. அப்பா அம்மா போனப்புறம் என்னை வளர்த்தது அண்ணன்தான். இவருக்குக் கட்டி வெச்சதும் அண்ணன்தான். இப்ப எல்லாரும் அவர்தான் கொன்னார்ங்கறாங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நேத்து அவர் கத்தினதை நானும் கேட்டேன். புருஷனுக்கு அழறதா, அண்ணனுக்கு அழறதா, ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு எனக்கே அழறதா? ஒண்ணும் புரியாம உக்காந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் ஆறுதல் சொல்லிப் பழகாதவள். "சொல்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

பாய்லர்காரரை ஜீப்பில் உட்கார வைத்திருந்தார்கள். பருத்த ஆள், அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

"ரெண்டு மணிக்கு உங்களை இஞ்சின் கூடத்து வாசல்ல வாட்ச்மேன் பாத்திருக்கார்."

"ஆமா, போனேன். இல்லங்கல."

"எதுக்கு?"

"சமாதானம் பேசத்தான். கத்தினது தப்புன்னு ராத்திரி பூரா மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கதவைத் திருப்பி இழுத்தேன். வரல. ரெண்டு கையாலயும் இழுத்தேன். அப்பவும் வரல."

"சாவிதான் இருந்துச்சே?"

"சாவியைப் போட்டுப் பாத்தேன். பூட்டியிருக்கவே இல்ல, சாவி சும்மாத்தான் சுத்துச்சு. சரி, மாப்பிள்ளை கோவத்துல உள்ளேருந்து கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான்னு நினைச்சேன். போடா நீயும் உன் வீம்பும்னு திரும்பிட்டேன்."

ஏட்டு ஓங்கிச் சிரித்தார். "பூட்டாத கதவு, ஆனா திறக்கல! காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கொலைகாரன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான். பூட்டியிருந்தது, யார் பூட்டினார்களோ தெரியாது என்று ஒரே வரியில் கழன்றுகொண்டிருப்பான்.

மறுபடி கூடத்துக்குப் போனாள். முதலில் பாய்லர். புகைக்குழாயின் இணைப்புகளைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக, ஒழுங்காக இருந்தன. ஏட்டைக் கூரைக்கு ஏற்றிவிட்டுக் குழாய்க்குள் டார்ச் அடிக்கச் சொன்னாள். வெளிச்சம் கீழே வரைக்கும் பளிச்சென்று வந்தது. அடைப்பு ஒன்றும் இல்லை. ஆனால் குழாயின் அடியில், பாய்லரின் தலைமேல் இருந்த இடைவெளியைச் சுற்றிப் புதுக் கரி படிந்திருந்தது. பக்கத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் அட்டை உருகிச் சுருண்டிருந்தது. மேலே போக வேண்டிய புகை, வழி திறந்திருந்தும் கீழே திரும்பி வந்திருக்கிறது.

அடுத்து காற்று ஜன்னல். ஃபேனுக்கு முன்னால் இருந்த ஃபில்டர் பெட்டியைச் சூப்பர்வைசரை விட்டே திறக்கச் சொன்னாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"புதுசு மேடம். நேத்துத்தான் மாத்தினோம். நாளைக்கு மேலிடத்துலேருந்து பார்வையிட வர்றாங்க." அவர் குரலில் பெருமை தெரிந்தது.

"இன்னிக்கு ஃபேன் எப்பவாவது நின்னுச்சா?"

"நிக்கவே இல்ல. இஞ்சின் ஓடினா ஃபேனும் ஓடும். ஒண்ணரைக்கு இஞ்சின் கிளம்புச்சு. அப்போலேருந்து ரெண்டும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பேனல்ல பாருங்க."

பேனலும் அதையே சொன்னது. இன்ஸ்பெக்டர் தன் தோளைத் தட்டினாள். காக்கிச் சட்டையிலிருந்து புழுதி பறந்தது. முற்றத்து ஜன்னல் விளிம்பில் லேசாக உரசியவளுக்கே இந்தக் கதி.

"ஒண்ணரைக்கு கிளம்புச்சுன்னா, அதுக்கு முன்னாடி?"

"ஓய்வுல இருந்துச்சு. மத்தியானம் வெந்நீர்ச் செலவு கம்மி. தொட்டி ஆறினதும் இஞ்சினும் பாய்லரும் அதுவா கிளம்பிக்கும், யாரும் பொத்தானை அமுக்க வேண்டியதில்ல."

"நெட்டை எப்போ உள்ள போனார்?"

"ஒரு மணி ஷிஃப்ட்டு மேடம்."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஏட்டைத் தனியாக அழைத்துக் காதில் ஏதோ சொன்னாள். ஏட்டு தலையைச் சொறிந்துகொண்டு போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு நீலத் தார்ப்பாய் இருந்தது. பண்டகசாலையில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் திணித்து வைத்திருந்தார்களாம்.

ஐந்தேமுக்கால். முற்றத்தில் சூப்பர்வைசர், பாய்லர்காரர், அவருக்கு இரண்டு பக்கமும் போலீஸ். தங்கச்சி சற்றுத் தள்ளிச் சுவரோரம் நின்றாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

"கூடத்துக்குள்ள யாரும் இல்ல, பாய்லர் அணைஞ்சிருக்கு," என்று இன்ஸ்பெக்டர் உறுதி செய்துகொண்டாள். "ஏட்டையா, தார்ப்பாயை அந்தக் காத்து ஜன்னல் மேல பிடிங்க."

ஏட்டு தூக்கிப் பிடித்தார். பிடித்ததுதான் தெரியும், அது அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டதுபோல் போய் ஜன்னலில் ஒட்டியது. சட்டங்களின் வடிவம் வரி வரியாகப் புடைத்துத் தெரிந்தது. எதிர்ச்சுவரில் தூக்கிக்கொண்டிருந்த தகடுகள் படபடவென்று மூடிக்கொண்டன.

"இப்ப கதவைத் திறங்க, சார்."

சூப்பர்வைசர் நகரவில்லை. ஏட்டே போனார். பூட்டாத கதவுதான். கைப்பிடி திரும்பியது. இழுத்தார். வரவில்லை. காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தார். பெருமூச்சு விட்டது போல விளிம்பில் ஒரு சீறல் கேட்டதே தவிர, கதவு அசையவில்லை.

"யாரு மேடம் பூட்டினது?" என்றார் மூச்சிரைக்க.

"காத்து," என்றாள் இன்ஸ்பெக்டர். "சுவாசிக்கற வழியை மூடிட்டாலும் இஞ்சின் சும்மா இருக்காது. கூடத்துல இருக்கற காத்தையே குடிக்கும். அது குறையக் குறைய, வெளிக்காத்து கதவை உள்பக்கமா அழுத்தும். வேற வழியில்லாம பாய்லர் புகைக்குழாய் வழியா காத்து கீழ இறங்கும், புகையும் அதோட இறங்கும். உள்ள இருந்த ஆளுக்குக் கால் துவண்டுபோச்சு, கதவைத் தள்ளத் தெம்பில்ல. அதான் உதைச்சிருக்கார். பாய்லர்காரர் ரெண்டு மணிக்கு இழுத்துப் பாத்து வரலன்னு சொன்னது சத்தியம்."

"ஃபேன் ஓடுச்சுன்னு பேனல்ல இருக்கே மேடம்," என்றார் சூப்பர்வைசர். குரல் இன்னும் அதிரவில்லை.

"ஓடுச்சு. எதிர்ல தார்ப்பாய் ஒட்டிக்கிட்டு இருந்தா ஓடி என்ன பிரயோஜனம்? மூணு மணி வரைக்கும் இடிச்சிருக்காங்க. ஃபேன் நிஜமாவே வெளிக்காத்தை இழுத்திருந்தா, உங்க புது ஃபில்டர் என் சட்டையைவிட மோசமா இருந்திருக்கணும். அது கல்யாண வேட்டி மாதிரி இருக்கு. மேலிடம் வர்ற நேரத்துல புது ஃபில்டர் அழுக்காகக் கூடாதுன்னு மூடியிருக்கீங்க. இஞ்சின் ஓய்வுலதானே இருக்கு, கிளம்பறதுக்குள்ள எடுத்துடலாம்னு நினைச்சிருக்கீங்க. மீட்டிங்ல மறந்துட்டீங்க. அது தானா கிளம்பிடுச்சு."

"யார் வேணும்னாலும் மூடியிருக்கலாமே. நான்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"நீங்கதான் சொன்னீங்க." இன்ஸ்பெக்டர் அவர் முன்னால் போய் நின்றாள். "மூணே காலுக்குக் கதவு வழக்கம்போல எகிறுச்சு, காலை வெச்சுத் தடுத்தேன்னீங்க. ஆள் உள்ள புகையில செத்துக்கிட்டு இருந்த நேரத்துல அந்தக் கதவு எகிற வாய்ப்பே இல்ல. உடும்புப் பிடியா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். அது எகிறணும்னா அதுக்கு முன்னாடியே யாரோ தார்ப்பாயை எடுத்திருக்கணும். கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி அதை எடுக்கணும்னு யாருக்குத் தோணும்? மூடினவனுக்குத்தான் தோணும். வருஷக்கணக்கா எகிறற கதவு சார். உண்மையை மறைக்கும்போதும் உங்க கால் பழக்கத்துல முன்னாடி வந்துடுச்சு."

ஏட்டு தார்ப்பாயைப் பிய்த்தெடுத்தார். கதவு தானாகவே டமாரென்று திறந்துகொண்டது.

"முதல் தடவை எப்போ வந்தீங்க?"

சூப்பர்வைசர் சட்டை மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கதவுக்குப் பக்கத்துலயே, வெளிச்சுவர்ல சிவப்புப் பொத்தான் இருக்கு. ஒரு அமுக்கு. இஞ்சின் நின்னிருக்கும், கதவு திறந்திருக்கும். ஏன் அமுக்கல?"

"இஞ்சின் நின்னா ஆஸ்பத்திரி முழுக்க மணி அடிக்கும்." இப்போதுதான் அந்தக் குரல் உடைந்தது. "எல்லாரும் ஓடி வருவாங்க. தார்ப்பாய் அங்கேயே இருக்கும். நாளைக்கு மேலிடம் வேற… அதை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். அவுத்து, மடிச்சு, பண்டகசாலையில வெச்சுட்டு வர்றதுக்குள்ள…"

"எத்தனை நேரம்?"

"பத்து… பத்து நிமிஷம் இருக்கும்."

"முதல்ல கைப்பிடியைப் பிடிச்சப்போ, உள்ள சத்தம் கேட்டுச்சா?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். "சத்தம் கேக்கல. இஞ்சின் இரைச்சல். ஆனா கையில தெரிஞ்சுது. ரெண்டு தடவை உதைச்சான்."

ஏட்டு 'அடப்பாவி' என்றார். இன்ஸ்பெக்டருக்கு அந்த ஆளை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஏத்துங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஜீப் போன பிறகு பாய்லர்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீதான்னு நம்பிட்டேன்ணே," என்றாள். "ஒரு சாயங்காலம் பூரா உன்னைக் கொலைகாரன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"நினைக்காம என்ன பண்ணுவே? அப்படித்தானே கத்தினேன்." அவர் நிமிரவில்லை. "நான் மட்டும் என்ன யோக்கியம்? கதவு வரலன்னதும், அவன் கோவத்துல பிடிச்சுக்கிட்டு இருக்கான்னு நினைச்சேன். உள்ள என்ன ஆச்சோன்னு தோணவே இல்லம்மா. இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டு இழுத்திருந்தா… அவ்வளவு கோவமா இருந்தானா என் மேல?"

அவள் மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமே இல்லண்ணே. காலையில நான் வேலைக்குக் கிளம்பும்போது சிரிச்சுக்கிட்டே இருந்தார். 'உங்க அண்ணனை விட்டுட்டு நாம எங்க போறது? அந்த வேலை வேணாம்னு சொல்லிட்டேன், ஷிஃப்ட் முடிஞ்சதும் நானே மச்சான்கிட்ட சொல்றேன்'னார். போலீஸ்ல இதை நான் சொல்லவே இல்ல. சொன்னா, நீ ஒண்ணுமில்லாததுக்கு அவரைக் கொன்னுட்டேன்னு ஆயிடுமேன்னு பயந்து வாயையே திறக்கல."

பாய்லர்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோளில் தலையைச் சாய்த்து, அந்தப் பெண் அன்றைக்கு முதல் தடவையாக ஓவென்று அழுதாள். அழுகை நிற்கும்வரை இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.